பூமிக்கு 400 கி.மீ மேலே ஒரு டைனிங் டேபிள்!

இரவு பத்து மணி. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாயிற்று. பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து, அடுப்பு மேடையைத் துடைத்து, சமையலறை விளக்கை அணைத்துவிட்டு 'அப்பாடா' என்று வந்து உட்காருகிறார் ஒருவர். அடுத்த நிமிஷம் ஃபோனையோ லேப்டாப்பையோ எடுத்து, இன்னொரு சமையலறையைத் திறக்கிறார்!

இந்தச் சமையலறை இருப்பது விண்வெளியில். ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள். கவுன்டரில் வாடிக்கையாளர்கள். பன்னை வாட்டி, நடுவில் கேட்டதையெல்லாம் அடுக்கி, தட்டில் வைத்து நீட்டினால் காசு விழுகிறது. சேர்ந்த காசில் புது அடுப்பு வாங்கலாம், கடைக்கு வண்ணம் அடிக்கலாம், அடுத்த கிரகத்தில் கிளை திறக்கலாம். யாரும் திட்டுவதில்லை. 'உப்பு கம்மி' என்று யாரும் முகம் சுளிப்பதும் இல்லை.

ஹோட்டல் நடத்தும் கேம்களைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனது 2004-ல் வந்த 'டைனர் டேஷ்'. பார்த்த வேலையை உதறிவிட்டு சாப்பாட்டுக்கடை போடும் ஃப்ளோ என்ற பெண்தான் அதன் நாயகி. அது ஓட்டமாய் ஓடவைக்கும் கேம். இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. 'கேலக்ஸி பர்கர்' போல, விண்வெளியில் கடை போட்டு நிதானமாக நடத்தும் கேம்கள் வந்துவிட்டன. நாள் முழுக்க ஓடிய மனசுக்கு, அவசரமில்லாத ஒரு சமையல் இதமாக இருக்கிறது.

சரி, இது கற்பனை. நிஜமாகவே விண்வெளியில் ஒரு சாப்பாட்டு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு டேபிள் போட்டிருக்கிறார்கள். கடந்த 25 ஆண்டுகளில் ஒரு நாள்கூட அங்கே சாப்பாடு நின்றதில்லை. நிற்கப்போன ஒரு சந்தர்ப்பம் மட்டும் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

எங்கே இருக்கிறது?

சர்வதேச விண்வெளி நிலையம். தரையிலிருந்து சுமார் 400 கி.மீ உயரம். கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து ராக்கெட்டில் கிளம்பினால், 2020 அக்டோபரில் ஒரு சோயுஸ் விண்கலம் போனதுபோல, மூன்று மணி நேரத்தில் வாசலுக்குப் போய்விடலாம். ஆனால், அந்தக் கதவைத் தட்டும் தகுதிக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுக்க வேண்டும்.

இந்த இடம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. மணிக்கு சுமார் 28,000 கி.மீ வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிக்கும், 16 முறை மறையும். காலைச் சிற்றுண்டியை நிதானமாகச் சாப்பிட்டு முடிப்பதற்குள் வெளியே ராத்திரி ஆகிவிடும்!

நிலையத்தின் அமெரிக்கப் பகுதியில் 'யூனிட்டி' என்றொரு அறை. 1998 டிசம்பரில் மேலே போனது. வீட்டின் நடுக்கூடம் மாதிரி, மற்ற அறைகளுக்குப் போகும் வழிகள் இங்கேதான் சந்திக்கின்றன. சாப்பாட்டு டேபிள்களில் ஒன்று இங்கே. இன்னொன்று ரஷ்யப் பகுதியில் உள்ள 'ஸ்வெஸ்தா' அறையில். அந்த டேபிளிலேயே டின் உணவைச் சூடாக்கும் குழிகள் உண்டு.

நாற்காலி? கிடையாது. எடையே இல்லாத இடத்தில் உட்காருவது என்ற வேலைக்கே அர்த்தமில்லை. டேபிளுக்கு அடியில் இருக்கும் கம்பியில் கால் விரல்களை மாட்டிக்கொண்டு, மிதந்தபடி நிற்பார்கள். அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் டேபிளும் தேவையில்லை. அதன்மேல் எதை வைத்தாலும் நிற்காது. பாக்கெட்டை வெல்க்ரோ பட்டையால் ஒட்டவைக்க வேண்டும், அல்லது டேப் போட்டுப் பிடிக்க வேண்டும். சுவரில் ஒட்டிவைத்தாலும் இதே கதைதான். பிறகு எதற்கு இந்த டேபிள்?

இந்த இடத்தின் ரகசியமே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் செய்த மரியாதை

2000-ம் ஆண்டு நவம்பர் 2. விண்வெளி நிலையத்தில் குடியேற முதல் மூவர் போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்காவின் பில் ஷெப்பர்ட், ரஷ்யாவின் யூரி கித்ஸென்கோ, செர்கே கிரிகல்யோவ். புதுவீடு. வேலை தலைக்குமேல். விளக்கு, காற்று, கழிவறை, கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். சாப்பிட டேபிள் மட்டும் இல்லை.

அவர்கள் காத்திருக்கவில்லை. அங்கே கிடந்த மிச்சம்மீதிப் பொருள்களைச் சேர்த்து, தாங்களே ஒரு டேபிளைச் செய்துகொண்டார்கள். மூன்று பேர், மாதக்கணக்கில் ஒரே கூரையின் கீழ். பேசவும், சண்டையை ஆற்றவும், சிரிக்கவும் ஓர் இடம் வேண்டும் அல்லவா? அவரவர் மூலையில் மிதந்துகொண்டு பாக்கெட்டை உறிஞ்சினால் வயிறு நிறையும். வீடாகாது.

இதை அவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் உண்டு. 1973-ல் அமெரிக்கா அனுப்பிய 'ஸ்கைலேப்' நிலையத்தில் சாப்பாட்டு டேபிளை முக்கோணமாகச் செய்தார்கள். பக்கத்துக்கு ஒருவராக மூன்று பேர். 'தலைமை இடம்' என்று ஒன்று இல்லாமல், மூவரும் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். பந்தியில் யாருக்கு முதல் இலை என்ற பிரச்னை விண்வெளிக்கும் உண்டுபோல!

1975 ஜூலையில் அமெரிக்காவின் அப்பல்லோவும் சோவியத்தின் சோயுஸும் விண்வெளியில் கைகோத்தன. பூமியில் இரு நாடுகளும் ஏவுகணைகளை ஒன்றையொன்று பார்த்து நிறுத்தியிருந்த காலம். மேலே, விருந்தாளிகளாக வந்த அமெரிக்கர்களுக்கு சோவியத் வீரர் அலெக்ஸி லியோனோவ் ட்யூப்களை நீட்டினார். மேலே 'வோட்கா' என்று லேபிள்! உள்ளே இருந்ததோ, பீட்ரூட் போட்ட 'போர்ஷ்' சூப். சாப்பாட்டு நேரத்துக் கேலியில் பெரிய பெரிய பகை கொஞ்சம் தளர்ந்தது.

மெனு கார்டு எங்கே?

கேமில் வாடிக்கையாளர் வந்து நின்றதும் அவர் தலைக்கு மேலே ஆர்டர் தெரியும். இங்கே ஆர்டர் எடுப்பது பூமியிலேயே, பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில், ஜான்சன் விண்வெளி மையத்தில் இதற்கென்றே ஓர் உணவு ஆய்வகம். விண்வெளி வீரர்கள் அங்கே போய் ஒவ்வொன்றாக ருசி பார்த்து, 1 முதல் 9 வரை மார்க் போட வேண்டும். சுமார் 200 வகை உணவும் பானமும் பட்டியலில் இருக்கின்றன. இவை தவிர, தனக்குப் பிடித்த சில அயிட்டங்களைத் தனியாகக் கொண்டுபோகவும் அனுமதி உண்டு.

ருசி பார்த்து மார்க் போடுவதில் ஒரு சிக்கல். பூமியில் 9 மார்க் வாங்கிய அயிட்டம், மேலே போனதும் சப்பென்று ஆகிவிடலாம். காரணம், எடையற்ற நிலையில் உடம்பில் உள்ள திரவம் தலைப்பக்கமாக ஏறுகிறது. முகம் உப்பும், மூக்கு அடைக்கும். ஜலதோஷம் பிடித்தால் ரசம்கூட ருசிக்காதே, அதே நிலைமைதான்.

அதனால் விண்வெளியில் காரத்துக்கு ஏக மரியாதை. காரச் சாஸ் பாட்டில்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். மூக்கில் சுர்ரென்று ஏறும் காரக்கிழங்குச் சாஸ் ஊற்றிய இறால், அமெரிக்க வீரர்களிடையே பல ஆண்டுகளாக நம்பர் ஒன்!

உப்பும் மிளகும் கேட்டால் கிடைக்கும். ஆனால் தூளாகத் தூவ முடியாது. தூவினால் அறை முழுக்கப் பறந்து கண்ணிலும் கருவியிலும் போய் விழும். எனவே உப்பைத் தண்ணீரில் கரைத்து, மிளகை எண்ணெயில் கலந்து, சொட்டுச் சொட்டாக விடுவதற்குக் கொடுக்கிறார்கள்.

அடுப்பில்லாத சமையல்

இந்த உணவகத்தில் சமையல்காரர் இல்லை. தாளிக்கும் சத்தம் இல்லை. அடுப்பே இல்லை. இருப்பவை: வெந்நீர் வரும் ஒரு குழாய், பாக்கெட்டை நடுவில் வைத்து மூடிச் சூடாக்கும் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி, நீளக் கைப்பிடி வைத்த ஸ்பூன், அப்புறம் கத்தரிக்கோல்.

ஆமாம், கத்தரிக்கோல்தான். கத்தியைவிட, முள்கரண்டியைவிட அதற்குத்தான் வேலை அதிகம். பாக்கெட்டை வெட்டினால்தானே சாப்பாடு!

சில உணவுகள் உறையவைத்து ஈரம் முழுக்க எடுக்கப்பட்டவை. வெந்நீரைச் செலுத்தி, சில நிமிடங்கள் பொறுத்தால் உயிர்பெற்றுவிடும். இன்னும் சில, முன்பே நன்றாகச் சூடேற்றிக் கிருமி நீக்கி அடைத்தவை. சூடுபடுத்தி, வெட்டி, அப்படியே சாப்பிடலாம். கொஞ்சம் ஈரப்பசையோடு இருந்தால், உணவு ஸ்பூனிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பூனைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது.

அந்த வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், சாப்பிடும் நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று தோன்றும். வீரர்களின் வியர்வை, மூச்சில் வரும் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். 2023-ல் 98 சதவிகிதத் தண்ணீரை மீட்கும் அளவுக்கு இந்த ஏற்பாடு முன்னேறிவிட்டது. நேற்றைய காபிதான் நாளைய காபி என்பது அங்கே பிரபலமான கேலி.

பர்கர் கடை போட முடியுமா?

கேமில் பன் அடுக்குவதுதான் முக்கால்வாசி வேலை. நிஜ விண்வெளியில் பன்னுக்கு அனுமதி கிடையாது. துகள்கள்தான் வில்லன்.

1965 மார்ச் 23. ஜெமினி-3 விண்கலத்தில் கஸ் கிரிஸமும் ஜான் யங்கும் பறந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று யங் தன் உடையின் பாக்கெட்டிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்து நீட்டினார். உப்பிட்ட மாட்டிறைச்சி வைத்த சாண்ட்விச். யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்தது! கிரிஸம் ஒரு கடி கடித்தார். ரொட்டி உதிர ஆரம்பித்தது. துகள்கள் மிதப்பதைப் பார்த்ததும், அவசரமாக அதை எடுத்து வைத்துவிட்டார்கள். இந்த விவகாரம் பிறகு அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்கும் அளவுக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்து மாட்டிக்கொண்ட கதைதான், கொஞ்சம் உயரத்தில்.

தீர்வைக் கொண்டுவந்தவர் ஒரு மெக்ஸிகோகாரர். 1985 நவம்பரில் விண்வெளி ஓடத்தில் பறந்த ரோடால்ஃபோ நெரி வேலா, தன் ஊர் 'டார்ட்டியா' ரொட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நம் சப்பாத்தியின் சகோதரன். உதிராது. சுருட்டலாம். ஒரு கையால் பிடித்துச் சாப்பிடலாம். அன்று முதல் விண்வெளியின் ரொட்டி அதுதான். இன்று அங்கே பர்கர் என்றாலும் டார்ட்டியாவில்தான்!

ஒரு பிஸ்கட்டுக்கு இரண்டு மணி நேரம்

அடுப்பு இல்லாத குறையைத் தீர்க்க ஒரு முயற்சியும் நடந்தது. 2019 கடைசியில் விண்வெளி நிலையத்துக்கு ஒரு சின்ன ஓவன் போனது. இத்தாலியின் லூகா பர்மிட்டானோவும் அமெரிக்காவின் கிறிஸ்டினா காக்கும் அதில் சாக்லேட் குக்கீ சுட்டார்கள். பூமியில் இருபது நிமிடத்துக்குள் முடிகிற வேலை.

முதல் குக்கீ 25 நிமிடம் ஆகியும் வேகவில்லை. ஒவ்வொன்றாக நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 120 நிமிடம், 130 நிமிடம் வைத்தபோதுதான் பதம் வந்தது. எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே ஏறுவதும், குளிர்ந்த காற்று கீழே இறங்குவதும் கிடையாது. நம் அடுப்படியில் தானாக நடக்கும் விஷயம், அங்கே நடப்பதில்லை.

ஐந்து குக்கீகள். நிலையத்துக்குள் சுடச்சுட வாசனை. ஆனால் ஒன்றைக்கூட அவர்கள் சாப்பிடவில்லை. ஆராய்ச்சிக்காகப் பூமிக்கு அனுப்பிவிட்டார்கள். சுட்டவர்களின் பொறுமைக்கு ஒரு விருதே கொடுக்கலாம்.

காபி விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. 2015 மே 3 அன்று இத்தாலியின் சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி, விண்வெளியின் முதல் எஸ்பிரஸோவை அருந்தினார். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சவில்லை, கோப்பையில்! ஒரு பக்கம் கூராக மடிந்த விசேஷக் கோப்பை அது. அந்த மடிப்பைப் பிடித்துக்கொண்டு காபி தானாக உதட்டுக்கு ஏறிவரும். இந்த யோசனையை 2008-லேயே அமெரிக்க வீரர் டான் பெட்டிட், கையில் கிடைத்த ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்துச் செய்துபார்த்தார். பையில் காபி குடித்து அலுத்துப்போன ஒருவரின் கண்டுபிடிப்பு.

ஸ்டாக் தீர்ந்த நாள்

ஹோட்டல் கேம் விளையாடுகிறவர்களுக்கு ஒரு பயம் தெரியும். கடை நிறைய ஆள் இருக்கும்போது சரக்கு தீர்ந்துவிடும். அங்கே நாலு காசு நஷ்டம். அடுத்த நாள் சரியாகிவிடும்.

2004 டிசம்பரில் இதே விஷயம் நிஜமாக நடந்தது.

அப்போது நிலையத்தில் இரண்டே பேர். அமெரிக்காவின் லெராய் சியாவ், ரஷ்யாவின் சாலிஸான் ஷாரிபோவ். அதற்கு முந்தைய ஆண்டுதான் கொலம்பியா விண்வெளி ஓடம் விபத்தில் சிதறி, ஏழு பேர் இறந்திருந்தார்கள். ஓடங்கள் பறப்பதை நிறுத்தி வைத்திருந்த காலம். சரக்கு கொண்டுவர ரஷ்யாவின் 'புரோகிரஸ்' கப்பல் ஒன்றுதான் நம்பிக்கை.

இருப்பைச் சரிபார்த்தபோது அதிர்ச்சி. நினைத்ததைவிட உணவு குறைவாக இருந்தது. முன்பு இருந்தவர்கள் எடுத்துச் சாப்பிட்டது கணக்கில் சரியாக ஏறவில்லை. 'சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று கீழேயிருந்து சொன்னார்கள். இருவரும் குறைத்தார்கள்.

புரோகிரஸ் வராமல் போனால்? நிலையத்தைப் பூட்டிவிட்டு, இருவரும் சோயுஸில் ஏறிப் பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான். பல நாடுகள் கூடி, பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய ஓர் இடம், அரைவயிற்றுக் கணக்கில் காலியாகியிருக்கும். ராக்கெட் எந்திரத்தாலோ கம்ப்யூட்டராலோ அல்ல, பருப்பு டப்பா தீர்ந்ததால்!

டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று புரோகிரஸ் வந்து சேர்ந்தது. உள்ளே உணவு. அந்த வீட்டில் அன்றைக்குப் பண்டிகை என்றால், அது பண்டிகை.

அதன் பிறகும் பாடங்கள் தொடர்ந்தன. 2014 அக்டோபர், 2015 ஏப்ரல், 2015 ஜூன் என்று எட்டு மாதங்களில் மூன்று சரக்குக் கப்பல்கள் நிலையத்தை எட்டாமலே அழிந்தன. ஆனால் 2004-ன் நிலைமை திரும்பவில்லை. மாதக்கணக்கில் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு இருந்தது. 2024 ஜூனில் ஒரு வாரச் சோதனைப் பயணமாகப் போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 286 நாள்கள் தங்க நேர்ந்தபோதும், அந்த வீட்டால் எதிர்பாராமல் தங்கிய இருவருக்கும் சோறுபோட முடிந்தது.

அலுப்புக்கு மருந்து

சரக்கு இருந்தால் மட்டும் போதாது. பாக்கெட் சாப்பாட்டையே மாதக்கணக்கில் சாப்பிட்டால் அலுத்துவிடும். அலுத்தால் அளவு குறையும். அளவு குறைந்தால் உடல் எடை குறையும், ஏற்கெனவே எடையற்ற நிலையில் தேய்ந்துகொண்டிருக்கும் தசையும் எலும்பும் மேலும் பலவீனமாகும். விண்வெளியில் 'பசிக்கலை' என்பது சாதாரண வார்த்தை அல்ல. மருத்துவர்கள் கவனிக்கும் வார்த்தை.

அதனால் சின்னச் சின்ன விருந்துகள். 2015 ஆகஸ்ட் 10 அன்று ஸ்காட் கெல்லி, செல் லிண்ட்கிரன், கிமியா யூய் மூவரும் நிலையத்திலேயே வளர்ந்த சிவப்பு லெட்யூஸ் கீரையை எண்ணெயும் வினிகரும் தொட்டுச் சாப்பிட்டார்கள். 2021 அக்டோபரில் அங்கேயே விளைந்த மிளகாயைப் பறித்து, டார்ட்டியாவில் வைத்து டாக்கோ செய்தார்கள். நாலு மிளகாய்க்கு அவ்வளவு கொண்டாட்டமா என்று கேட்கலாம். மாதங்களாகப் பச்சை வாசனையே அறியாத மூக்குக்குத்தான் அது தெரியும்.

2017-ல் இத்தாலிய வீரர் பாவ்லோ நெஸ்போலி, 'பீட்சா சாப்பிட ஏக்கமாக இருக்கிறது' என்று சொல்லப்போக, அடுத்த சரக்குக் கப்பலில் பீட்சா செய்யும் பொருள்கள் வந்து இறங்கின. ஆளுக்கொரு பீட்சாவைக் காற்றில் சுழற்றி விளையாடிவிட்டுச் சாப்பிட்டார்கள். நடுவானில் மிதக்கும் பீட்சாவை எட்டிக் கடிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்குமா!

அல்வா கொடுத்தவர்கள்

ஊருக்குப் போகிறவர் கை வீசிக்கொண்டு போகக் கூடாது என்பது நம் வழக்கம். விண்வெளிக்குப் போன இந்தியர்களும் அதை மீறவில்லை.

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா, சோவியத்தின் 'சல்யூத்-7' நிலையத்துக்குப் போனார். மைசூரில் உள்ள பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக்கூடம் அவருக்காகத் தயாரித்த இந்திய உணவுகளும் உடன் போயின. ரஷ்யத் தோழர்களுடன் பகிர்ந்து சாப்பிட்டார்.

41 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 26 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் நுழைந்த முதல் இந்தியர் சுபான்ஷு சுக்லா. அவர் பையில் கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு. பல நாட்டுக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிட்டதாக, பிரதமருடன் பேசும்போது அவரே சொன்னார்.

சொந்த விண்கலத்தில் இந்தியர்களை அனுப்பும் 'ககன்யான்' திட்டத்துக்காக அதே மைசூர் ஆய்வகம் இட்லி, உப்புமா, புலாவ் என்று பட்டியல் போட்டு வேலை பார்த்திருக்கிறது. விண்வெளியில் இட்லி சாப்பிடும் நாளில், சாம்பாரை எப்படி ஊற்றுவது என்ற பெரிய கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டாம்

சாப்பிட்டு முடித்த பின் என்ன? பாத்திரமே இல்லாததால் தேய்க்கும் வேலை இல்லை. ஸ்பூனையும் கத்தரிக்கோலையும் ஈரத் துணியால் துடைத்தால் போதும். காலிப் பாக்கெட்டுகள் குப்பைப் பையில் சேரும். அந்தப் பைகள் காலியான சரக்குக் கப்பலில் ஏறும். கப்பல் நிலையத்தைவிட்டுப் பிரிந்து, காற்று மண்டலத்தில் பாய்ந்து, குப்பையோடு எரிந்து சாம்பலாகும்.

கீழே எங்கோ ஓர் ஊரில் மொட்டை மாடியில் நிற்கும் குழந்தை, 'அதோ நட்சத்திரம் விழுது' என்று கை நீட்டினால், அது மேலே நாலு பேர் சாப்பிட்டு முடித்த இலையாகக்கூட இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி

பகலில் அவரவருக்கு அவரவர் வேலை. ஆராய்ச்சி, பழுது பார்த்தல், தினமும் இரண்டு மணி நேரம்போல உடற்பயிற்சி. மதியம் பலரும் கையில் கிடைத்ததைத் தின்றுகொண்டே வேலை பார்ப்பார்கள். ஆனால் வார இறுதி நெருங்கும்போது, வெள்ளிக்கிழமை இரவில், எல்லா நாட்டவரும் ஒரே டேபிளைச் சுற்றிக் கூடிச் சாப்பிடும் வழக்கம் அங்கே உண்டு.

ரஷ்யர் ஒரு மீன் டின்னைத் திறப்பார். ஜப்பானியர் ஒரு கறியைச் சூடாக்குவார். அமெரிக்கர் டார்ட்டியாவை எடுத்து வீசுவார், அது மிதந்துபோய் எதிரே இருப்பவர் கையில் சேரும். கீழே அந்த நாடுகளின் தலைவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்த வாரங்களிலும் மேலே அந்த டேபிள் காலியாக இருந்ததில்லை.

அந்த டேபிள் எதற்கு என்ற கேள்விக்கு அதுதான் பதில். உணவை வைக்க அல்ல. மனிதர்களை வைக்க!

இந்த இடத்துக்கும் ஒரு முடிவு தேதி குறித்தாயிற்று. 2030 வரை இயக்கிவிட்டு, அதன் பின் பாதுகாப்பாக இறக்கி, பசிபிக் கடலின் ஆளில்லாத பரப்பில் விழச்செய்வதுதான் நாசாவின் திட்டம். அந்த டேபிள்களும் அதோடு போய்விடும்.

அடுத்த பயணம் செவ்வாய்க்கு என்கிறார்கள். போய்த் திரும்ப ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். நடுவழியில் சரக்குக் கப்பல் வராது. பீட்சா ஆசையைச் சொன்னாலும் யாரும் அனுப்ப முடியாது. அதற்காக ஐந்து ஆண்டுகள் கெடாமலும் சத்துக் குறையாமலும் இருக்கும் உணவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் விஞ்ஞானிகள். அந்தக் கப்பலை வடிவமைப்பவர்கள் ஒவ்வொரு கிராம் எடைக்கும் கணக்குப் பார்ப்பார்கள். 'டேபிள் தேவையா?' என்ற கேள்வி கட்டாயம் வரும்.

மிச்சம்மீதிப் பொருள்களில் டேபிள் செய்துகொண்ட அந்த முதல் மூவரின் கதையை, அப்போது யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இங்கே, இரவு பதினொன்று. கேமில் கடைசி வாடிக்கையாளரும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கடை விளக்கை அணைத்தாயிற்று. ஃபோனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே வீட்டின் டைனிங் டேபிள். அதில் நாளைக் காலை டிபனுக்கு நாலு தட்டு கவிழ்த்து வைத்திருக்கிறது. வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கிறது!